நாலு புள்ளி முப்பத்தேழு

யுனியெஸ்கி அந்த எண்ணை மூன்றாவது தடவை சத்தமாக வாசித்தபோது, எலூத்தேரியோ கியாலா கையிலிருந்த சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டெறிந்துவிட்டு எழுந்தார். பஞ்சர் ஒட்ட வந்த ஆள், "ஐயா, என் டியூபு" என்றான். "உன் டியூபு எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார்.

தெருவுக்கு அந்தப் பக்கம் பூங்கா. அதன் தென்கிழக்கு மூலைக்குச் சூடான மூலை என்று பெயர். சான் ரோமுவால்டோ ஊரில் பேஸ்பால் பேசுகிறவன் அங்கே வந்துதான் பேச வேண்டும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் அடுப்பில் சோறு வெந்து ஆறிப்போகும் வரை ஓயாது. சில விதிகள் உண்டு. எதிராளியின் மூக்குக்கு முன்னால் விரலை எவ்வளவு வேண்டுமானாலும் ஆட்டலாம், மூக்கில் படக் கூடாது. பெற்ற தாயை இழுக்கக் கூடாது. ஓட்டெடுப்பு என்று வந்தால் எவனும் தனக்குத் தானே கை தூக்கக் கூடாது. மற்றபடி தொண்டை இருக்கிறவன் பிழைத்துக்கொள்வான்.

அந்த வாரம் அங்கே பற்றி எரிந்த விஷயம் மைதானத்துச் சுவர். இடது பக்க மதிலில், ஊர் அணிக்கு எந்தக் காலத்திலும் ஆடியவர்களில் தலைசிறந்த ஒன்பது பேரின் பெயரை எழுதுவதென்று முடிவாகி எட்டு வருஷம் ஆகிறது. ஆட்டத்தில் ஒன்பது இடம், இடத்துக்கு ஒருவர். எட்டுப் பெயர் எழுதியாயிற்று. பந்து வீச்சாளர் இடம் மட்டும் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது. ஃபௌஸ்தீனோ பசானா, எலூத்தேரியோ கியாலாவா என்று அடித்துக்கொண்டே எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை கைதூக்கி முடித்துவிடுவது என்று மூலையின் தலைவர் நிகானோர் நோட்டில் எழுதிவிட்டார். சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போட்டவர் அவர். எழுதினால் எழுதினதுதான்.

"வாசிடா, இன்னொரு தரம் வாசி" என்றார் எலூத்தேரியோ.

யுனியெஸ்கிக்கு முப்பது வயது இருக்கும். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். கத்தரிக்கோல் பிடிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அவன் கையில் போன்தான். "வாசிக்கறேன் மாமா. நான் சொந்தமா எதுவும் சேக்கலியே. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா எத்தனை ரன் விட்டாங்கன்னு கணக்கு. பசான் பெரியப்பா ஒண்ணு புள்ளி தொண்ணூத்தாறு. நீங்க நாலு புள்ளி முப்பத்தேழு. நீங்க ரெண்டு மடங்குக்கு மேல விட்டிருக்கீங்க. இதுல பேச என்ன இருக்கு?"

"பசான் எந்தக் காலத்துல வீசினாரு?"

"அறுபத்து மூணுலேந்து எழுபத்தஞ்சு."

"எதிர்ல நின்னவன் கையில என்ன இருந்துது?"

"மட்டை."

"மர மட்டைடா. மரம். நான் வந்தப்ப எல்லாவன் கையிலயும் அலுமினியத்தக் குடுத்துட்டான். அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு? நீ பொறந்து வாயத் தொறந்தப்ப நான் அதுக்கு எதிர்ல நின்னு செத்துக்கிட்டிருந்தேன்."

யுனியெஸ்கி சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

இருபது பேரும் சிரித்தார்கள். எலூத்தேரியோவுக்குக் காது மடல் வரை சுட்டது. இதுகூடப் பரவாயில்லை. பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் கைத்தடியுமாக உட்கார்ந்திருந்த ஃபௌஸ்தீனோ பசான், எழுபத்தேழு வயதில் பல்லெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிற அந்த மனுஷர், கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். "விடுங்கப்பா. சுவரு, பேரு, இதெல்லாம் எனக்கு எதுக்கு இந்த வயசுல? நான் ஒண்ணும் பேசல. எண்ணு பேசுது" என்றார்.

திட்டியிருந்தால் கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம். இந்த அடக்கம்தான் எலூத்தேரியோவுக்குப் பொறுக்கவில்லை. பதினாலு வருஷம் வீசியவர் அவர். முழங்கையைக் கத்தி வைத்துக் கிழித்துத் தைத்த தழும்பு இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கும். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து டயரும் டியூபும்தான். வெளியூர்க்காரன் யாராவது வந்தால், பஞ்சர்க் கடையைக் காட்டி, "இவரும் ஒரு காலத்துல ஆடினவர்தான்" என்பார்கள். அந்த "இவரும்" காதில் விழுகிறபோதெல்லாம் ஒரு ஸ்பேனரை எடுத்து எவன் தலையிலாவது போடலாமா என்று வரும். செத்த பிறகும் அந்த எண்தான் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். சுவரில் பெயர் வந்துவிட்டால் அது ஒழியும்.

"நாளைக்குக் காலைல பத்து மணி. எல்லாரும் மைதானத்துக்கு வாங்க" என்றார். "நான் வீசறேன். மரத்துக்கும் வீசறேன், அலுமினியத்துக்கும் வீசறேன். அதே ஆளு, அதே பந்து. பாத்துட்டு அப்புறம் வாயத் தொறங்க."

"அறுபத்தோரு வயசுல வீசப் போறீங்களா?"

"உன்ன மாதிரி முடி வெட்டற கையில்லடா இது. வீசத் தெரிஞ்ச கை."

நிகானோர் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். "நாளைக்குப் பத்து மணி, மைதானம். சனிக்கிழமை ஓட்டு. பத்தே காலுக்கு வந்துட்டு நான் பாக்கலைன்னு எவனும் சொல்லக் கூடாது."

அன்று சாயங்காலமே எலூத்தேரியோ அணியின் சாமான் அறைக்குப் போய், அங்கே இருப்பவனிடம் சண்டை போட்டு, இரண்டு மர மட்டைகளை வாங்கிக் கடையில் கொண்டுவந்து வைத்தார். அலுமினிய மட்டைக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் தங்கை நியேவெஸ் இருக்கிறாள். அவள் புருஷன் எர்மெஸ் தமாயோவின் மட்டை அலமாரி மேலே இருக்கிறது. எர்மெஸ் போய் ஒரு வருஷம் ஆகிறது. முதல் தளம் என்கிற இடத்தில் ஆடியவன். பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பிய ஹோம் ரன் மட்டும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. சுவரில் முதல் முதலாக, ஒருத்தரும் எதிர்த்துக் கை தூக்காமல் எழுதப்பட்ட பெயர் அவனுடையதுதான். எலூத்தேரியோவுக்கு மச்சான், பத்து வருஷம் ஒரே அணியில் ஆடிய கூட்டாளி. ஊருக்கே அவன் பெயரைச் சொன்னால் ஒரு நிமிர்வு.

நியேவெஸ் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எர்மெஸ் மட்டை ஒரு நாளைக்கு வேணும்."

"எதுக்குண்ணே?"

"மைதானத்துல ஒரு சின்ன வேடிக்கை. மூலைல இருக்கற முட்டாள்களுக்கு ஒண்ணு காட்டணும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவர் மட்டையையா? எல்லாரும் பாப்பாங்கல்ல. இரு, தூசியா இருக்கும்." ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து, முந்தின நாள் துவைத்த துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்து, பளபளவென்று கொடுத்தாள். "தோள்பட்டை இருக்கற லட்சணத்துக்கு ரொம்பக் காட்டாத. அப்புறம் நான்தான் தைலம் தேய்க்கணும்."

மறுநாள் மைதானத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஃபௌஸ்தீனோ குடையோடு வந்திருந்தார். மட்டை பிடிக்க அணியின் இப்போதைய அடிகாரன் டார்வின் வந்தான். அவன் கழுத்து எலூத்தேரியோவின் தொடை அளவு இருக்கும். எலூத்தேரியோ இருபது பந்து போட்டு உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டார். வேகம் போய் வெகுகாலம் ஆயிற்று. ஆனால் உள்ளே வளைந்து அடிகாரனின் விரல்களைத் தேடிக்கொண்டு போகிற பந்து ஒன்று அவரிடம் உண்டு. அது மட்டும் போகவில்லை.

"டார்வின், முழுசா வீசி அடி. கிழவன்னு பாவம் பாத்தேன்னு வையி, அடுத்த பந்து உன் விலாவுல."

"சரி மாமா" என்றான் டார்வின், கொஞ்சம் பயந்து.

முதல் பந்து தப்பியது. இரண்டாவது பந்து உள்ளே வளைந்து மட்டையின் கழுத்தில் பட்டது. படாரென்று ஒரு சத்தம். டார்வின் கையில் கைப்பிடி மட்டும் நின்றது. மீதி மட்டை மூன்றாவது தளம் பக்கம் பறந்தது. பந்து தத்தித் தத்தி எலூத்தேரியோவின் காலடிக்கே வந்தது. குனிந்து எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார். அவசரமே இல்லை. அடுத்த மர மட்டையில் மூன்று பந்து. இரண்டு நேராகத் தலைக்கு மேலே எழும்பிப் பிடிகொடுத்தன. மூன்றாவதில் அந்த மட்டையும் கழுத்தில் விரிசல் விட்டது.

"இப்ப அத எடு."

டார்வின் எர்மெஸின் அலுமினிய மட்டையை எடுத்தான். எலூத்தேரியோ அதே பந்தை, அதே இடத்தில் போட்டார். அதே கழுத்தில்தான் பட்டது. டங் என்றது. பந்து நிதானமாகப் போய், பந்தைத் தடுக்க நின்றிருந்தவர்களின் தலையைத் தாண்டிப் புல்லில் விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி புல்லில். ஏழு பந்தில் ஐந்து அப்படி விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர், "பாத்துக்கோ, இது ஹிட்டு. இதுவும் ஹிட்டு. எழுதிக்கோ என் பேர்ல" என்று கத்தினார். எட்டாவது பந்து கொஞ்சம் நடுவில் போய்விட்டது. அது திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. எலூத்தேரியோ தரையில் கிடந்தார். பந்து அவர் தலை இருந்த இடத்தைத் தாண்டி வேலியில் மோதி நின்றது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பினார்.

"இப்படிப் பதினாலு வருஷம்டா. மரத்துல உடைஞ்சு காலடியில விழ வேண்டிய பந்தெல்லாம் ரன்னாப் போச்சு. அந்தப் பந்துங்களக் கூட்டிப் பெருக்கி வகுத்தா வர்றதுதான் உன் நாலு புள்ளி முப்பத்தேழு."

யுனியெஸ்கி தொப்பியைக் கழற்றினான். நடிப்பில்லை. "மாமா, நான் பேசினது தப்பு. எனக்கு எண்ணுதான் தெரிஞ்சுது. இது தெரியல" என்றான். ஃபௌஸ்தீனோ குடையை மடக்கிவிட்டு, "இந்தச் சனியன் என் காலத்துல இருந்திருந்தா மூணே வருஷத்துல நான் கடையக் கட்டியிருப்பேன்" என்றார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எலூத்தேரியோவுக்கு யார் மேலேயும் கோபம் இல்லை. வெயில் கூட நன்றாக இருந்தது.

அந்த நிம்மதி ஐந்து நிமிஷம்தான் நின்றது.

யுனியெஸ்கி அந்த அலுமினிய மட்டையைக் கையில் எடுத்து எடை பார்த்தான். பிறகு இடது பக்க மதிலைப் பார்த்தான். "மாமா, ஒண்ணு கேக்கறேன். கழுத்துல பட்ட பந்தே அவ்வளவு தூரம் போகுதே. நடுவுல பட்டா எங்க போகும்?"

"சுவரத் தாண்டிப் போகும். அதத்தான நானும் சொல்றேன்."

"எர்மெஸ் தமாயோ இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு ஹோம் ரன் அடிச்சாரே. எல்லாம் இந்த மட்டையிலதான?"

யாரோ ஒருவர் "ஆமால்ல" என்றார். இன்னொருவர், "சிரிலோ சல்தீவார் மர மட்டையில எண்பத்தி நாலு அடிச்சான். அதே முதல் தளம்தான். எண்பத்தி நாலெல்லாம் ஒரு கணக்கான்னு அவனத் தள்ளிட்டு எர்மெஸ எழுதினோம்" என்றார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அந்த எண்பத்து நாலை அலுமினியத்தில் போட்டால் எத்தனை, இந்த இருநூற்றுச் சொச்சத்தை மரத்தில் போட்டால் எத்தனை என்று நாற்பது பேரும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

"அது வேறடா" என்று கத்தினார் எலூத்தேரியோ. "எர்மெஸ இழுக்காதீங்க. அவன் அடிகாரன். எந்தக் கட்டையக் குடுத்தாலும் அடிப்பான்."

"எப்படி மாமா வேற?" யுனியெஸ்கியின் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டு கேட்டான். அதுதான் கொடுமை. "அந்த எண்ண நீங்கதான ஒடச்சீங்க. ஒரு பக்கம் மட்டும் ஒடையுமா? வீச்சாளன் எண்ணு பொய்னா அடிகாரன் எண்ணும் பொய்தான?"

எலூத்தேரியோ வாயைத் திறப்பதற்குள் நிகானோர் நோட்டை எடுத்தார். "சனிக்கிழமை ரெண்டு ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ஒண்ணு, வீச்சாளர் இடம். ரெண்டு, முதல் தளம், எர்மெஸ் தமாயோவா சிரிலோ சல்தீவாரா. மாறினா பேர அழிச்சுட்டு எழுத வேண்டியதுதான்."

சான் ரோமுவால்டோவில் ஒரு செய்தி மைதானத்திலிருந்து வீட்டுக்குப் போக ஆட்டோ வேண்டாம். எலூத்தேரியோ கடையைத் திறந்து உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நியேவெஸ் வந்தாள். கையில் அந்த மட்டை. மைதானத்துக்கே போய் யுனியெஸ்கியிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"நான் தொடச்சுக் குடுத்தேன்" என்றாள். "எம் புருஷன் பேர அழிக்கறதுக்கு அவர் மட்டையையே தொடச்சுக் குடுத்திருக்கேன். கேக்கறதுக்கு எப்படி இருக்கு?"

"நான் எர்மெஸப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசல. எவன வேணா கேளு."

"நீ பேசவே வேண்டாமே. காட்டிட்டியே."

"அப்ப நான் மட்டும் இந்த ஊருக்குக் குப்பையா?" அவருக்கும் எகிறியது. "முப்பது வருஷமா ஒவ்வொரு நாயும் அந்த எண்ண எம் மூஞ்சியில எறியறான். நான் கேட்டுக்கிட்டே டியூபு ஒட்டணுமா? நான் காட்டினது பொய்யா? சொல்லு. பொய்யா?"

"பொய்யின்னு யார் சொன்னா? நெசமாவே இருக்கட்டும். நீ உயிரோட இருக்க, போயி வீசிக் காட்டின. அவர் எப்படிக் காட்டுவார்? குழியிலேந்து எழுந்து வந்து மர மட்டையப் புடிப்பாரா?" அவள் குரல் இறங்கியது. "உனக்கு இடம் வேணும்னா அவர் இருக்கறப்பவே இந்தச் சண்டையப் போட்டிருக்கணும்ண்ணே. அவரு சிரிச்சுக்கிட்டே ஒரு மரக் கட்டைய எடுத்துக்கிட்டு வந்து நின்னிருப்பாரு. பதில் சொல்ல ஆள் இல்லாத நேரம் பாத்துப் பண்ணியிருக்க."

"நேரம் பாத்தெல்லாம் பண்ணல."

"சரி, பாக்காமலே பண்ணின. அதனால என்ன கொறஞ்சுது?"

மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு போய்விட்டாள். சுற்றி நின்று கேட்ட இரண்டு பேரை எலூத்தேரியோ, "இங்க என்ன படம் ஓடுதா, போங்கடா" என்று விரட்டினார். பிறகு உட்கார்ந்து எல்லாரையும் திட்டினார். யுனியெஸ்கியைத் திட்டினார். அவன் போனைத் திட்டினார். எண்பத்து நாலு அடித்துவிட்டுச் செத்துப்போன சிரிலோவைத் திட்டினார். அலுமினியத்தைக் கொண்டுவந்தவனை, பிறகு அதை நிறுத்தினவனை, பேஸ்பாலைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். திட்டித் தீர்ந்தபோது மிச்சம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

எர்மெஸ் மரத்திலும் அடிப்பான் என்று அவருக்குத் தெரியும். பயிற்சியில் பழைய மர மட்டையை வைத்துக்கொண்டு அவன் அடித்த அடிகளைப் பின்னால் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தவரே அவர்தான். ஆனால் அதையெல்லாம் எவனும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததை மூலையில் சொன்னால், மச்சானுக்காகப் பேசுகிறான் என்பார்கள். தான் காட்டியதை இனி காட்டவில்லை என்று ஆக்க முடியாது. அதைப் பொய்யாக்கினால்தான் உண்டு.

கடையின் ஓரத்தில் உடைந்த மட்டை கிடந்தது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே அள்ளிக்கொண்டு வந்தது. இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்து, கைப்பிடித் துண்டை இடுக்கியில் மாட்டி, உடைந்த வாயின் ஓரத்தில் அரை விரல் ஆழத்துக்கு அறுத்தார். ரம்பத்தை முன்னே தள்ளும்போதெல்லாம் தோள் உயிர் போகிற மாதிரி வலித்தது. அறுத்த இடத்தில் கிரீஸும் மண்ணும் தேய்த்தார்.

சனிக்கிழமை மூலையில் கால் வைக்க இடமில்லை. நிகானோர் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் எலூத்தேரியோ நடுவில் வந்து நின்றார்.

"ஓட்டுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். நேத்து நான் உங்கள ஏமாத்தினேன்."

யாருக்கும் புரியவில்லை. கைப்பிடித் துண்டை யுனியெஸ்கியின் காலடியில் போட்டார்.

"ரெண்டு மட்டையும் முந்தின நாளே எங்கிட்டதான் இருந்துது. கழுத்துல ரம்பத்தால கோடு போட்டு, பசை வச்சு மூடினேன். பச்சக் குழந்த வீசியிருந்தாலும் ஒடைஞ்சிருக்கும். அலுமினியத்துக்கு வேணும்னே சோப்ளாங்கியாப் போட்டேன். அதான் அத்தனையும் போய் விழுந்துது. போதுமா?"

யுனியெஸ்கி குனிந்து எடுத்தான். அறுத்த கோட்டில் விரலை வைத்துப் பார்த்தான். அவன் முகம் சிவந்துபோயிற்று. "நான் உங்களுக்குத் தொப்பியக் கழட்டினேன் மாமா. நாப்பது பேர் முன்னாடி கழட்டினேன்."

"அப்ப எடுத்து மாட்டிக்க."

"த்தூ" என்று ஒருவர் காறித் துப்பினார். "இந்த வயசுல இந்தப் பொழப்பா" என்றார் இன்னொருவர். வார்த்தைகள் நாலா பக்கமும் வந்தன. ஒரு விரல் அவர் மூக்கில் பட்டே விட்டது. நிகானோர் அதைக் கண்டிக்கவில்லை. எலூத்தேரியோ எல்லாவற்றுக்கும் மேலே கத்தினார். "இன்னும் கேட்டுக்கங்க. எனக்கு வீச வரல. எர்மெஸ் எதிரணியில இருந்திருந்தா எம் பந்த வெளக்குமாத்துக் கட்டையால கூட அடிச்சிருப்பான். அலுமினியம், அலுமினியம்னு முப்பது வருஷமா ஒப்பாரி வச்சவன் நான் ஒருத்தன்தான். அதக் கேட்டுக்கிட்டு ஒரு செத்த மனுஷன் பேர அழிக்கக் கெளம்பினீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

சத்தம் கொஞ்சம் அடங்கியது. நிகானோர் பேனாவை எடுத்து நோட்டில் இரண்டாவது வரியை அடித்தார். "முதல் தளத்துக்கு ஓட்டு இல்ல. தமாயோ பேர் அப்படியே இருக்கும்" என்றார். ஒருவரும் எதிர்க்கவில்லை.

ஃபௌஸ்தீனோ பசான் அந்தக் கைப்பிடித் துண்டை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுத்த கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் நீளமாகக் கிழிந்து நாரும் நரம்புமாக நின்ற மரத்தைக் கட்டைவிரலால் நீவினார். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ மட்டைகளை உடைத்தவர் அவர். எழுந்து எலூத்தேரியோவின் பக்கத்தில் வந்து, மற்றவர் காதில் விழாமல், "எலூத்தேரியோ, ரம்பம் முன்னாடியே பட்டிருந்தா மரம் இப்படிக் கிழியாது. வெட்டின எடத்துல முறியும்" என்றார்.

"உங்களுக்கு இப்ப என்ன வேணும்? எடம் கெடைச்சிருச்சில்ல? வாய மூடிக்கிட்டு வாங்கிக்கங்க."

கிழவர் துண்டைக் கீழே போட்டுவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"வீச்சாளர் இடம்" என்றார் நிகானோர். "எலூத்தேரியோ கியாலாவுக்கு யார் யாரு?"

கூட்டத்தில் ஒரு கை கூட எழவில்லை. பெஞ்சிலிருந்து மட்டும் ஒன்று எழுந்தது. வெள்ளைச் சட்டைக் கை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். "பெரியவருக்கு மனசு பெருசுய்யா, தனக்குத் தூக்கக் கூடாதேன்னு அவனுக்குத் தூக்கறாரு" என்றான் ஒருவன்.

"கைய எறக்குங்க" என்றார் எலூத்தேரியோ, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஃபௌஸ்தீனோ இறக்கவில்லை. "ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார் நிகானோர். "ஃபௌஸ்தீனோ பசானுக்கு?"

காடு மாதிரிக் கைகள் எழுந்தன. நிகானோர் பேனா முனையால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்து, எலூத்தேரியோவிடம் வந்ததும் நின்றார். இந்த மூலையில் பசானுக்கு எந்தக் காலத்திலும் எழாத கை ஒன்று உண்டென்றால் அது இவருடையதுதான். யுனியெஸ்கியும் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் இப்போது தூக்காவிட்டால், எவனாவது ஒருவன் சந்தேகப்பட்டு நாளைக்கு அந்தத் துண்டைத் திரும்ப எடுத்துப் பார்ப்பான்.

எலூத்தேரியோ வலது கையைத் தூக்கினார். முந்தின நாள் வீசிய வீச்சில் தோள் வீங்கிப்போய், கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. இடது கையால் முழங்கையைப் பிடித்து உயர்த்தி, நிகானோர் கடைசி ஆள் வரைக்கும் எண்ணி முடிக்கிறவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.